கட்டைவிரல்

பெரியம்மா இன்று வாயைத் திறக்கவே இல்லை. காலையில் சர்க்கரை போடாத காபியைக் கொண்டுபோனபோது பல்லை இறுகக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஸ்பூன் உதட்டைத் தாண்டவில்லை. கோபம் என்று அவள் நினைத்தாள். நேற்று சர்க்கரை கேட்டுப் பெரிய சண்டை. பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்துபோன பிறகும் பெரியம்மாவுக்குக் கோபம் மட்டும் மூக்கு நுனியில்தான் இருந்தது.

அந்த வீட்டில் இரண்டே பேர். படுத்த படுக்கையான பெரியம்மா, அவரைக் கவனித்துக்கொள்ள வந்து அங்கேயே தங்கிவிட்ட அவள். உடம்பு துடைப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவது, நாடி பார்ப்பது எல்லாம் அவள் வேலை. வெளியூரில் இருக்கும் பெரியம்மாவின் மகள் மாலையில் போன் செய்வாள். கவனித்துக்கொள்ள வந்தவளுக்கென்று போன் செய்ய யாரும் இல்லை.

“நான் போறப்ப நீயும் கூட வந்துடு குட்டி. அங்க எனக்கு யாரு தலை வாரி விடுவா?” என்று பெரியம்மா குழறலாகக் கேட்பார்.

“சீப்போட வர்றேன், போதுமா?” என்று அவள் சிரிப்பாள்.

விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் கூட வா என்று அவளை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

காபிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தபோது ஆவி பட்டு அவளுடைய விரல்கள் கொப்பளித்திருந்தன. துணி சுற்றிக் கட்டியிருந்ததால் காலையிலிருந்து கட்டைவிரலை வைத்தே நாடி பார்த்தாள். கை சில்லென்று இருந்தாலும் துடிப்பு தெளிவாகக் கிடைத்தது. மழைக் குளிர் என்று இன்னொரு போர்வையைப் போர்த்தினாள். மதியம் புரட்டிவிட்டபோது உடம்பு மரம்போல் விறைத்து முரண்டு பிடித்தது. பிடிவாதத்தைப் பார் என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, பேசாத பெரியம்மாவின் தலையை வாரிப் பின்னிவிட்டாள்.

மாலையில் மகள் கூப்பிட்டாள். “அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்கக்கா. கோவத்துல பேசல, அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு மழை வலுத்தது. அவள் மாடிக்கு ஓடி, அடித்துக்கொண்டிருந்த ஜன்னல்களைச் சாத்திவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்தாள். ஈரத் துணியும் டெட்டாலும் கலந்த வாசனை, அதற்கு அடியில் லேசாகத் தித்திப்பாக வேறொரு வாசனை, அறைக்குள் தேங்கி நின்றது. கட்டிலோரம் உட்கார்ந்து பெரியம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்தாள்.

நாடி தறிகெட்டு ஓடியது.

படுத்தே கிடப்பவருக்கு ஏன் இப்படி? பயந்துபோய்ப் பிடித்தபடியே இருந்தாள். அவளுடைய மூச்சு மெல்ல அடங்கியது. பெரியம்மாவின் நாடியும் கூடவே அடங்கியது.

இந்த வேலைக்கு வரும் முன் போன பயிற்சி வகுப்பில், பாடம் எடுத்த நர்ஸ் அக்கா முதல் நாளே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “கட்டைவிரலை மட்டும் வைக்காதீங்க. அதுக்குள்ளயே ஒரு நாடி ஓடுது. உங்க துடிப்பையே எண்ணிட்டு, பேஷண்ட் நல்லா இருக்காங்கன்னு எழுதிடுவீங்க.”

அவள் பெரியம்மாவின் நெஞ்சைப் பார்த்தாள். போர்வை மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. வீணாக மனசைக் குழப்பிக்கொண்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கரண்ட் போனது.

கட்டிலுக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த காற்று மெத்தையின் மோட்டார் நின்றது. புண் வராமலிருக்க நாள் முழுவதும் பெரியம்மாவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மெத்தை அது.

ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. போர்வை அசையவில்லை.

துணியைப் பிய்த்தாள். கொப்பளம் உடைந்தது. எரிந்தது. மூன்று விரலையும் மணிக்கட்டில் அழுத்தினாள். இல்லை. கழுத்தில். இல்லை. காலையிலிருந்தே இல்லை.

“பெரியம்மா, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களா?”

கேட்டதும் அழுகை வந்தது. பயத்தைவிட அந்தத் தனிமைதான் முதலில் வந்தது.

அவள் மடியில் இருந்த பெரியம்மாவின் வலது கை திரும்பியது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அசையாத கை. விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றின. கட்டைவிரல் நாடியைத் தேடியது. கண்டுபிடித்தது. அழுத்தியது.

உருவிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

அந்தக் கட்டைவிரல் வெதுவெதுப்பானது. அதற்குள் ஏதோ துடித்தது. அவள் விரல் நுனிகள் சில்லிட்டன. எரிச்சல் நின்றது. பிறகு கை இருப்பதே தெரியவில்லை.

இறுகியிருந்த பற்கள் மெல்ல விலகின.

“சீப்பு எடுத்துக்கிட்டியா, குட்டி?”

தானாகப் புரளவே முடியாத பெரியம்மா, பிடித்த கையை விடாமல், சுவரோரம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டார்.