மாம்பழத்தைப் பிடிப்பான், டுரியனை விடுவான்

யாங்கூன் லத்தா வட்டாரத்துப் பதினெட்டாம் தெருவில், வெளிநாடு போகிறவர்களுக்குப் பெட்டி கட்டும் கடையின் நாற்காலியை விட்டு எழாமலே ஐரோப்பாவின் வாசற்கதவைத் திறந்து மூடுகிறவள் பெர்சிஸ். பத்தடி தூரத்திலிருந்து அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் தடையுள்ள நெய்ப் புட்டி தானாக இறங்கி வெளியே நடந்து வந்துவிடும்! தெருவே அப்படித்தான் சொல்லும். அவளும் மறுத்ததில்லை.

நம்பாதவன் ஒருவன் ஜூன் மழையோடு வந்தான்... புறநகர் ஷ்வேப்யிதாவின் ஆலை மெக்கானிக் சிவராஜ். ஆறு வாரப் பயிற்சிக்கு ஜெர்மனி போகிறான். அவன் குடையை மடக்கிய வேகத்தில், அவள் கன்னத்தில் சந்தனம் போல் அரைத்துப் பூசிய தனாக்காப் பூச்சில் நாலு துளி தெறித்தது.

நிமிர்ந்தாள். அடேயப்பா, அந்தக் கண்கள்! யாங்கூன் ஆற்று வெள்ளம் முழுவதும் அதற்குள் இரண்டு தடவை புரளலாம்... சிவராஜ் வாய் பிளந்து நின்றான்.

டிக்கெட்டில் பெயரைப் பார்த்து, பர்மிய மரியாதைக்கு முன்னால் ஒரு 'கோ' சேர்த்தாள். "வாய மூடிட்டுப் பெட்டியத் திறங்க, கோ சிவராஜ். சாராயம் ஒரு லிட்டர்... சரி. சிகரெட் இருநூறு... சரி. பரிசெல்லாம் நானூத்தி முப்பது யூரோவுக்குள்ள... சரி. கருவாடு போகும். பால்கோவா போகாது, எடுங்க. மாம்பழமா? சான்றிதழ் எங்க?"

"சான்றிதழா? அது என்ன பள்ளிக்கூடமா படிச்சுது?"

"பூச்சி இல்லன்னு அரசாங்கத் தாள் வேணும். இல்லன்னா அங்க சுங்கத்துல பிடுங்கிடுவான். டுரியன் கொண்டு போங்க, விட்டுடுவான்."

"மணக்குற மாம்பழத்தப் பிடிச்சுட்டு நாறுற டுரியன விடுவானா? மா பெர்சிஸ், யார் காதுல பூ சுத்துறீங்க?" சிரித்தவன் குரல் சட்டென்று இறங்கியது. "தங்கச்சி தமிழ்மணி அங்கதான் இருக்கா. ஏழு மாசக் கர்ப்பம். ஊர்ப் பழம் ஒரு வாய் வேணும்னு ஃபோன்ல அழுவுறா. வெறுங்கையோட எப்படிங்க போவேன்?"

அவள் கண் கனிந்தது. வாய்தான் கனியவில்லை.

"ரெண்டையும் கொண்டு போங்க. சுங்கத்துல பொருளக் காட்டுறவங்களுக்கான சிவப்பு வழியில நின்னு நீங்களே எடுத்துக் காட்டுங்க, ஒளிச்சாதான் அபராதம். என் வாக்கு பொய்யானா இந்தக் கடைப் பலகைய இறக்கிடுறேன்."

"நெசமானா, இதே தெருவுல நின்னு கத்தி ஒத்துக்கிறேன்!"

விமானமே மூக்கைப் பொத்தாதபடி, டுரியன் சுளைகளை ஐந்து உறைக்குள் அவளே அடைத்துக் கொடுத்தாள்.

போனான். ஆறு வாரம் ஒரு வார்த்தை இல்லை. "பலகைய எப்பம்மா இறக்குற?" என்று எதிர் டீக்கடை தினமும் கேட்டது. அவள் பலகையை நாளுக்கு இரண்டு முறை பளபளவென்று துடைத்தாள். அவன் நம்பர் கையில்தான் இருந்தது... 'நானாகவா கேட்பேன்? மாட்டேன்!' ஆனால் மழை தூறும்போதெல்லாம் கை கன்னத்தைத் தடவிப் பார்த்தது, ஏனோ...

ஏழாவது வாரம். கொட்டும் மழையில், குடையில்லாமல், டீக்கடை முக்காலி மேல் ஒருவன் ஏறினான். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள், சுங்கத்துச் சீட்டு!

"தெருக்காரங்களே! மாம்பழம் மூணு கிலோ, பிடிச்சுட்டான்! டுரியன மோந்து பாத்தான், கண்ணுல தண்ணி வந்துருச்சு, எடுத்துட்டுப் போன்னுட்டான்! என் தங்கச்சி ஒரே மூச்சுல தின்னுட்டு ஒரு பாட்டம் அழுதா!"

பதினெட்டாம் தெரு கைதட்டியது. சத்தம் தூரத்து மாவ்பி ஊர் வரை கேட்டிருக்கும். பெர்சிஸின் தலை பகோடா உயரத்துக்கு நிமிர்ந்தது.

"ஆறு வாரமா ஒரு ஃபோனு கூட இல்லியே?"

"ஃபோன்ல சொன்னா தெரு கேக்காதே..." இறங்கி, நனைந்த கையால் சீட்டை நீட்டினான். "உங்க பலகைக்குப் பக்கத்துல மாட்டத்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அப்புறம்... நேர்ல மட்டும் சொல்ற விஷயம் ஒண்ணு. உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, மா பெர்சிஸ்."

தனாக்காப் பூச்சையும் மீறி அவள் கன்னம் சிவந்தது. பெருமை மட்டும் குறையவில்லை.

"தெரியும். அன்னிக்குக் குடைய மடக்கும்போதே தெரியும்... இந்த ஆளு வந்து இதச் சொல்லுவாருன்னு."

சிவராஜ் அவள் கண்களையே பார்த்தான். இம்முறை சிரிக்கவில்லை.

"ஆமாங்க... அப்பவேதான் நடந்துச்சு."