ஐந்தடிக்கு மூன்று அங்குலம் குறைவு

கதவைத் திறந்தவனின் மூக்கில்தான் அவள் குடை முதலில் குத்தியது.

“ஆ...!”

“ஐயோ, சாரி சார்... நகராட்சியிலேருந்து வரேன். கொல்லையில கட்டின ரூமை அளக்கணும்.”

“தாராளமா அளங்க மேடம். அதுக்கு மூக்கை எதுக்குக் குத்துறீங்க?”

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். எட்டு வருஷமாகக் கட்டட ஆய்வாளர். வேலை நேரத்தில் சிரிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம்.

அவன் தச்சன். ஒரு நூல்கூடப் பிசகாத கை என்பதால் தெருவில் ‘நூலு’ என்றே பெயர். கீழே பட்டறை, மாடியில் குடியிருப்பு. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் படி ஏற முடியவில்லை. அதனால் கொல்லையில் செங்கல் தூண்கள் மேல் ஒரு மர அறை செய்து நிறுத்தியிருந்தான். அம்மா ஏற்கெனவே கட்டிலோடு குடியேறியாச்சு.

“ஏம்மா பொண்ணு, இங்க ஒரு அடுப்பு வெச்சுக்கலாமா? வெந்நீருக்குக்கூட இவனத்தான் கூப்பிட வேண்டியிருக்கு.”

“முடியாதும்மா. அடுப்பு வெச்சா இது ரெண்டாவது வீடு ஆயிடும். முன் வீட்டுல ஒரு குடும்பம் இருந்தாத்தான் பின்னால ரெண்டாவது வீட்டுக்கு அனுமதி.”

“அங்க இந்தத் தடியன் ஒருத்தன்தானே இருக்கான்!”

“ஒத்த ஆளு குடும்பம் ஆகாதும்மா.”

“அதத்தான் நானும் பத்து வருஷமா தலைபாடா அடிச்சுக்கிறேன்!”

மதிலுக்கும் அறைக்கும் நடுவே ஐந்தடி இருக்க வேண்டும் என்பது விதி. மழை வலுத்தது... கூட வர வேண்டியவர் லீவு. வேறு வழியில்லாமல் டேப்பின் முனையை அவனிடமே நீட்டினாள். அவன் மதிலோரம் போய்ப் பிடித்துக்கொண்டான். நிமிர்ந்தாள். அவன் பார்வை இவள் முகத்திலேயே நின்றது... நனைந்த தேக்கு நிறத்தில் கண்கள்... சே, என்ன நினைப்பு இது!

“நாலடி ஒம்பது அங்குலம். மூணு அங்குலம் குறையுது சார். பதினஞ்சு நாள்ல சரி பண்ணணும். இல்லன்னா இடிக்கணும்.”

“நான் அஞ்சடின்னா அஞ்சடிதான் மேடம்!”

“டேப்பு பொய் சொல்லாது.”

“என் கையும் சொல்லாது!”

விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். நோட்டீஸை ஒட்டிவிட்டு வந்தவளுக்கு அன்று சோறே இறங்கவில்லை. பாவம், அந்தம்மா மறுபடியும் படியேறணுமே...

பதினைந்தாம் நாள் போனால், கொல்லையில் அறையைத் தூக்க அடியில் நாலு ஜாக்கி. அக்கம்பக்கத்து ஆட்கள் பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக நிற்கிறார்கள். அறைக்குள்ளே கட்டிலில் அம்மா.

“நான் இறங்க மாட்டேன். என்னையும் சேத்தே தூக்கட்டும்!”

“நிறுத்துங்க! என்ன சார் பண்றீங்க?”

“மூணு அங்குலம் நகத்துறேன். உங்க விதிக்கு.”

“ஆளை உள்ள வெச்சிக்கிட்டா? இருங்க, முதல்ல நான் அளக்கிறேன்.”

இந்தத் தடவை யாரிடமும் முனையைத் தரவில்லை. தரையில் டேப்பை விரித்து, முனையை மதிலோடு சேர்த்து ஒரு செங்கல்லை வைத்து அழுத்தினாள். ஐந்தடி. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“அப்போ அன்னிக்கு...?”

அவன் தரையைப் பார்த்தான். அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. “சொல்லித் தொலைடா! அன்னிக்கு சாயங்காலமே திரும்ப அளந்து பாத்துட்டு, திருடன் மாதிரி முழிச்சியே!”

“நான்... முனைய மதில்ல வைக்கல மேடம். கை முன்னால வந்துடுச்சு.”

“ஏன்?”

“உங்க இமையில ஒரு மழைத்துளி நின்னுச்சு... விழுமா விழாதான்னு பாத்துட்டே இருந்துட்டேன்.”

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

“இதச் சொல்ல வெக்கப்பட்டு வீட்டையே நகத்துவீங்களா?”

“வீட்ட நகத்துறது சுலபம் மேடம்... இதச் சொல்றதுதான்...”

நோட்டீஸின் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதினாள். “தப்பு என் மேலயும்தான். டேப்பு முனைய வீட்டுக்காரர் கையில குடுக்கவே கூடாது. எட்டு வருஷத்துல யார்கிட்டயும் குடுத்ததில்ல...”

“அதெல்லாம் இருக்கட்டும்மா,” என்றாள் அம்மா. “என் அடுப்பு என்னாச்சு?”

“முன் வீட்டுல குடும்பம் வந்ததும் மனு போடுங்கம்மா... ஆனா அதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

அவன் முகம் தொங்கிப்போனது. “ஏன் மேடம்?”

அவள் குடையை விரித்து அதற்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். மழையே இல்லை.

“சொந்த வீட்டு மனுவுல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு விதி இருக்கு சார்...”