ஒன்பது குப்பிகளும் ஒரு சாம்பல் இழையும்

ஒன்பதாவது குப்பியிலிருந்து ஒரு குளிகையை எடுத்து, ஊசியால் துளைத்து, வெளிவந்த மீன்நெய்த் துளியைக் கண்ணாடித் தட்டின்மீது தேர்வாளர் வளர்மதி வைத்தாள். மறுகணமே தேர்வுநிலையத்தின் ஒளிச்சுவர் முழுவதும் கடலாயிற்று.

சேவியர் கொரைரா இருபது ஆண்டுகளாகத் தூத்துக்குடிக் கடலில் சாளை மீனுக்கு வலை வீசுபவர். ஆயினும், அச்சுவரின் முன் நிற்கும்போதெல்லாம் அவருடைய கைம்மயிர் சிலிர்த்தது. படகிலிருந்து அவர் கண்ட கடல் வேறு. ஒரு மீன் தன் உடம்பில் எழுதி வைத்த கடல் வேறு.

அக்கருவிக்குத் துளிநோக்கி என்று பெயர். ஒரே தனிமத்தின் அணுக்களுள்ளும் எடை சற்று மிகுந்தன உண்டு, குறைந்தன உண்டு. குளிர்ந்த நீரில் வளர்ந்த பாசி ஒரு விகிதத்திலும், வெதுவெதுப்பான நீரில் வளர்ந்தது வேறொரு விகிதத்திலும் அவற்றை ஏற்கின்றது. பாசியை உண்ட மீனின் கொழுப்பில் அவ்விகிதங்கள் அடுக்கடுக்காகப் படிகின்றன. அவ்வடுக்குகளைப் பிரித்துப் படிக்கத் துளிநோக்கி கற்றிருந்தது. துளிக்குரிய மீன் எந்த ஆழத்தில் பிறந்தது, எந்த நீரோட்டத்தோடு சென்றது, பிடிபட்டபின் எத்தனை நாழிகை வெயிலில் கிடந்தது என்பனவெல்லாம் வண்ணங்களாகச் சுவரில் விரிந்தன. முன்னாளில் மக்கள் மீன்நெய் வாங்கும்போது குப்பியை முகர்ந்து பார்த்தனர். அது சிறுமீனின் நெய்யா, பெருமீனின் நெய்யா, காற்றுப்பட்டுக் காறிவிட்டதா என்று சீட்டைப் படித்து ஊகித்தனர். இப்போது ஊகம் என்பது ஒழிந்தது.

சுவரில் நீலம் பசுமையாயிற்று. ஒரு சாளைக்கூட்டம் வான்தீவின் பக்கமாகத் திரும்பியதை வண்ணங்கள் காட்டின. பிறகு, நூலினும் மெல்லியதாய் ஒரு சாம்பல் இழை அப்பசுமையின் ஊடே ஓடிற்று. மனிதர் வாழும் எந்தக் கரையின் அருகே நீந்திய மீனுக்கும் அவ்விழை உண்டு. அனல்மின் நிலையங்கள் மூடப்பட்டு நாற்பது ஆண்டுகள் கழிந்தும், அவற்றின் சாம்பல் கடலடி மணலைவிட்டு முற்றும் நீங்கவில்லை.

"இதுலயும் இருக்கு," என்றார் சேவியர்.

"இருக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. இது எந்த எடம்னு தெரியுதா? ஆடி மாசம் வான்தீவுக்குத் தெக்க. அப்ப அங்க யாரு வலை போட்டா?"

சேவியர் சுவரை உற்று நோக்கினார். அந்த நீரோட்டத்தை அவர் அறிவார். அவ்வாரத்தில் அங்கே சென்றது அவருடைய படகு ஒன்றுதான்.

"நீங்க பிடிச்ச சாளையையே நீங்க வேண்டாங்கிய," என்று சிரித்தாள் வளர்மதி. "நல்ல எண்ணெய் அண்ணாச்சி. பொடிமீன். பிழிஞ்சு பதினஞ்சு நாள்கூட ஆகல, காறல் இல்ல, பாதரசம் இல்ல. அந்த இழையால ஒரு கேடும் கெடையாது. நாம குடிக்கிற தண்ணியில அதவிடக் கூட இருக்கு."

"கேடு இல்லன்னா கண்ணுல ஏன் தெரியுது?"

வளர்மதி தட்டைத் துடைத்தாள். மேசையிலிருந்த இரு தகடுகளுள், வேண்டாமென்பதற்குரிய விலக்குத் தகட்டின்மீது சேவியர் உள்ளங்கையை வைத்தார். முதல் எட்டுக் குப்பிகளையும் அவர் அவ்வாறே விலக்கியிருந்தார்.

அவரை வீண்பிடிவாதக்காரர் என்று சொல்லுதல் தகாது. அவருடைய மனைவி பிரகாசி பதினொரு நாளைக்கு முன்பு, எட்டாம் மாதத்திலேயே, ஒரு பெண்மகவைப் பெற்றிருந்தாள். குழந்தையின் எடை ஒன்றரைக் கிலோவை எட்டவில்லை. வெப்பப்பேழைக்குள் கிடந்த அதன் விரல்கள் நெத்திலிக் குஞ்சுகளைப் போன்றிருந்தன. தாய் உண்ணும் மீன்நெய் பாலில் இறங்கும் என்றும், வளரும் மூளைக்கு அது துணை செய்யும் என்றும் மருத்துவர் கூறியிருந்தார். இந்நிலையில் ஒரு தந்தை வேறென்ன செய்வார்?

"அப்படின்னா இதுதான் மிச்சம்," என்று பத்தாவது குப்பியை வளர்மதி திறந்தாள்.

அத்துளி பட்டதும் ஒளிச்சுவர் வெறுமையாயிற்று. நிறமில்லை, ஓட்டமில்லை, இழையுமில்லை. தூய வெண்மை மட்டுமே நின்றது. கடலையே காணாமல், எஃகுத் தொட்டியில் விளக்கொளியில் வளர்ந்த பாசியின் நெய் அது. தரவெண் நூறு என்று சுவரின் அடியில் ஒளிர்ந்தது.

சேவியர் அவ்வெண்மையைக் கோயிலில் நிற்பவரைப் போல நோக்கினார். ஏற்புத் தகட்டில் கையை வைத்தார்.

மருத்துவமனையில் குளிகையைக் கண்ட பிரகாசி அதனைச் சாளரத்தின் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க அத்த பால்சுறாப் புட்டு அவிச்சு எடுத்துட்டு வந்தாவ. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டியளாம்."

"சுறா பெரிய மீனு பிரகாசி. அது தின்னது பூரா அதுக்குள்ள நிக்கும்."

"ஊரே புட்டு தின்னுதான் பிள்ளைக்குப் பால் குடுத்துச்சு. எனக்கு மட்டும் சுவத்துல படம் பாத்து மாத்திரையா? நல்லாருக்கு உங்க நியாயம்."

ஆயினும், அவள் அதனை விழுங்கினாள்.

மறுநாள் பிற்பகல் மருத்துவர் நற்செய்தி கூறினார். அதுவரை நரம்பின் வழியே ஊட்டம் பெற்ற குழந்தைக்கு அன்று முதல் பால் புகட்டலாம். தாய்ப்பாலே தக்கது, இத்துணைச் சிறிய குடலுக்கு, தொட்டியில் செய்யப்படும் தொட்டிப்பால் ஒவ்வாமற் போகவும் கூடும். ஆனால், அப்பிரிவில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. குழந்தைகளுக்குச் செல்லும் எந்தப் பாலும் முதலில் துளிநோக்கியின் தட்டில் விழவேண்டும். தரவெண் அறுபதுக்குக் குறைந்தால் ஊட்டுகுழாயின் அடைப்பு திறவாது. இவ்வேற்பாட்டை வேண்டிப் பெற்றவர்கள் பெற்றோர்களே.

செவிலி ஜெபராணி பிரகாசியின் பாலில் ஒரு துளியைத் தட்டில் இட்டாள்.

சேவியர் அன்று கண்டதைத் தம் வாழ்நாளில் மறக்கமாட்டார். பிரிவின் சுவரில் கடல் எழுந்தது. ஆனால், அது ஒரு மீனின் ஓராண்டுக் கடல் அன்று. ஒரு பெண்ணின் உடம்பில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சேமித்து வைக்கப்பட்ட கடல் அது. பிரகாசி சிறுமியாயிருந்தபோது தின்ற நெத்திலிகளின் வெள்ளி நிறம் அடியில் மின்னிற்று. அதன்மேல் ஆண்டுதோறும் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளின் மீன் ஒரு தனி வரியாக ஓடிற்று. பெரும்புயலின் ஆண்டில் நாற்பது நாள் வலை இறங்காமல் கஞ்சியே உணவானபோது நீலம் மங்கி, மீண்டும் துளிர்த்தது. பிறகு, திருமணமாகிய மாதத்தில், ஒரு புதிய பசுமை வந்து கலந்தது. வான்தீவுக்குத் தெற்கே ஓடும் நீரின் பசுமை அது. சேவியர் முதன்முதலாக அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்த சாளை அங்கே இருந்தது.

"எம்மாடி," என்றாள் பிரகாசி மெதுவாக. "நான் இவ்வளவு பெருசா?"

சக்கர நாற்காலியில் இருந்தவாறே அவள் கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். அத்தனை வண்ணங்களின் ஊடேயும், தொடக்கம் முதல் இறுதி வரை, ஒரு சாம்பல் இழை ஓடிக்கொண்டிருந்தது. அடியில் எழுந்த எண் ஐம்பத்தொன்பது.

ஊட்டுகுழாயின் அடைப்பு திறக்கவில்லை.

"என்ன சிஸ்டர் இது? பால்ல என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டார் சேவியர்.

"ஒண்ணும் கெடல. கேடே கெடையாது," என்றாள் ஜெபராணி. அவளுக்கே தன் சொல் கசந்தது. "ஆனா சுவத்துல தெரியுதே. நேத்து மத்தியானம் இதே மாதிரி பாலு அறுபதுல உள்ள போச்சு. ராத்திரி வரைக்கும் என்ன நடந்துச்சோ, எண்ணு எறங்கிடுச்சு. சாயந்திரம் ஆறு மணிக்கு மறுபடி ஒருதடவ வைக்கலாம். அப்பவும் தொறக்கலன்னா தொட்டிப்பால்தான். பிள்ளைய அதுக்குமேல பட்டினி போட முடியாது."

பிரகாசி சுவரைவிட்டுக் கண்ணெடுக்காமல் கணவரைக் கேட்டாள்: "நேத்து தேர்வுநிலையத்துல நீங்க என்ன செஞ்சிய?"

தேர்வுநிலையத்தை அவர் அடைந்தபோது மணி ஐந்தைக் கடந்திருந்தது. வரிசை வாயிலுக்கு வெளியே நீண்டிருந்தது. அவர் முகத்தைக் கண்ட வளர்மதி, வரிசையைக் கடந்து வந்தவரை உள்ளே விட்டாள்.

"இந்த எண்ண யாரு போடுதா? சர்க்காரா? டாக்டரா?"

"யாரும் போடல அண்ணாச்சி. துளிநோக்கிக்கு நல்லது கெட்டது தெரியாது. துளியில என்ன இருக்குன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். எது தரம்னு நாமதான் சொல்லிக் குடுக்கோம்." அவள் விலக்குத் தகட்டைச் சுட்டினாள். கறுத்துத் தேய்ந்திருந்தது அது. ஏற்புத் தகடோ புதிதுபோல் பளபளத்தது. "ஒருத்தர் கைய வச்சுத் தள்ளும்போதெல்லாம், அந்தத் துளியில இருக்கிறதுக்கு மதிப்பு ஒரு முடியளவு கொறையும். எண்ணெய்க்கும் பாலுக்கும் ஒரே கணக்குத்தான். போன வருசம் அந்த இழைக்கு எண்பத்திரண்டு. நேத்துக் காலையில அறுபது."

"சாயந்திரம்?"

"நீங்க போனதுக்கப்புறம் ஐம்பத்தொன்பது. நீங்க மட்டும் இல்ல அண்ணாச்சி, ஊரே தள்ளுது. கடைசியா ஒம்பது நீங்க."

பெரிய அரசுகள் ஆணையிட்டும் நடக்காத ஒன்று, இங்கே எவரும் ஆணையிடாமலே நடந்திருந்தது. ஒரு கரையோர நகரம், தன் கடலையும், அக்கடலை உண்டு வளர்ந்த தன் பெண்களையும், உள்ளங்கையால் தள்ளித் தள்ளியே தகுதியிழக்கச் செய்திருந்தது. அதனைச் செய்தவர் அனைவரும் அன்பினாலேயே செய்தனர்.

"தள்ளினதத் திரும்ப எடுக்க முடியுமா?"

"ரெண்டு நாளுக்குள்ள, தள்ளின கையே எடுக்கலாம்." அவள் மேசைக்கடியிலிருந்து ஒன்பது குப்பிகளையும் எடுத்து வைத்தாள். "இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல."

ஒவ்வொரு துளியும் மீண்டும் தட்டில் விழுந்தது. முந்தின நாள் அவர் இழையை மட்டுமே தேடினார். இன்றோ கடலைப் பார்த்தார். தென்கோடிப் பனிக்கட்டியின் கீழே இருளில் பிறந்த மீனொன்று வந்தது. ஆயிரம் காதம் ஒரே நீரோட்டத்தில் சென்ற கூட்டமொன்று வந்தது. இறுதியில் அவருடைய சொந்தச் சாளை வந்தது. ஒன்பது முறை அவர் ஏற்புத் தகட்டில் கை வைத்தார். ஒன்பதாம் முறை சுவரின் அடியில் இருந்த எண் நடுங்கி மாறிற்று.

அறுபது.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க அண்ணாச்சி," என்றாள் வளர்மதி.

மறுமுனையில் ஜெபராணி, "பார்த்துட்டேன், எனக்கும் தெரியுது," என்றாள். "ஆனா ஆறு மணிக்கு முன்னால தட்டுல மறுபடி துளி வைக்க முடியாது. இன்னும் பன்னிரண்டு நிமிசம். அதுவரைக்கும் எண்ணு அப்படியே நிக்கணும்."

சேவியர் திரும்பினார். வரிசையின் முதலில் நின்ற இளம்பெண் நிறைமாதக் கர்ப்பிணி. தம் முறை முடிந்ததென்று அவர் நகர்ந்ததும், அவள் தன் குப்பியை மேசைமேல் வைத்தாள். துளி விழுந்தது, கடல் எழுந்தது, பசுமையின் ஊடே அவ்விழை ஓடிற்று. அவளுடைய கை தகட்டை நோக்கி உயர்ந்தது.

"வேண்டாம் தாயி, தள்ளாத," என்றார் சேவியர். "நல்ல எண்ணெய் அது. அந்த இழையால ஒரு கேடும் கெடையாது."

அவள் அவரை மரியாதையோடுதான் நோக்கினாள். மற்றொரு கையால் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"கேடு இல்லன்னா கண்ணுல ஏன் தெரியுது அண்ணாச்சி?"

நேற்று வளர்மதியிடம் சேவியர் கேட்ட அதே கேள்வி. அவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, தேய்ந்து கறுத்த தகட்டின்மீது அவளுடைய சிறிய உள்ளங்கை மென்மையாகப் படிந்தது. சுவரின் அடியில் எண் நடுங்கிற்று. அவளுக்குப் பின்னே, வாயிலைக் கடந்து தெருமுனை வரையிலும், கையில் ஆளுக்கொரு குப்பியோடு மக்கள் நின்றுகொண்டிருந்தனர். ஒருவர் கையிலும் பழுதான நெய் இல்லை.