வாசலில் வைத்த வேப்பிலைத் தண்ணீர்

ரோசம்மாளுக்குப் பாப்பாரப்பட்டி துளிகூடப் பிடிக்கவில்லை.

வந்து ஒரு நாள்தானே ஆகிறது, அதற்குள் என்ன பிடிக்கவில்லை என்கிறீர்களா? அவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ரங்கூனில். பத்து வயதுவரை வேறு ஊரையே அவள் பார்த்ததில்லை. யுத்தம் வந்தது. குண்டு விழுந்தது. அப்பா சென்னப்பன் கைக்குக் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு, அவளையும் அம்மா கண்ணம்மாளையும் கப்பலேற்றிக் கூட்டி வந்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் கரியில் ஓடும் பஸ் புகையைக் கக்கியபடி அவர்களைச் சந்தையடியில் இறக்கிவிட்டது.

“இதுதான் நம்ம சொந்த ஊரு” என்றார் அப்பா.

சொந்த ஊராம்! தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஆறு இல்லை, படகு இல்லை. தெருவெல்லாம் புழுதி. அடுத்த வீட்டுத் தோழி மா மியாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா வேலை கேட்டுத் தருமபுரிக்குக் கிளம்பிவிட்டார். அம்மா மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக ஏறியபிறகு ரோசம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிர்வீட்டு நிலையில் பச்சை இலைக் கொத்து தொங்கியது. வாசல் வெயிலில் ஒரு பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர். அதில் இலைகள் மிதந்தன!

சித்திரை பிறக்க இன்னும் இரண்டே நாள். யுத்தம் வராமல் இருந்தால் ரங்கூனில் இந்நேரம் தண்ணீர்த் திருவிழா களைகட்டியிருக்கும். வீட்டுக்கு வீடு வாசலில் பானை வைத்து, நாவல் இலை போட்டிருப்பார்கள். எதிரே வருகிறவர் மேலெல்லாம் தண்ணீரை ஊற்றுவார்கள். நனைந்தவர் சிரிப்பார், வாழ்த்துவார். அதிலும் ஒரு குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்தால், ‘நீ என் உயிர்த் தோழி’ என்று அர்த்தம். மா மியாவும் ரோசம்மாளும் வருடாவருடம் அதைத்தான் செய்வார்கள்.

‘அடடே, இங்கேயும் இந்தத் திருவிழா உண்டா!’

குடத்துக்குப் பக்கத்தில் அவள் வயதுப் பெண் ஒருத்தி கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். இதைவிடத் தோதான சமயம் வாய்க்குமா? ரோசம்மாள் பூனைபோல் தெருவைத் தாண்டினாள். இரண்டு கையாலும் குடத்தைத் தம் கட்டித் தூக்கினாள்.

சளார்!

“நல்லா இரு! நல்லா இரு!” என்று கத்திக் குதித்தாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரும்பிக் குடத்தைப் பார்த்தாள். குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மண் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டது.

“அம்மா! செல்லனுக்கு வெச்ச தண்ணிய ஊத்திட்டா!” என்று வீறிட்டாள்.

உள்ளிருந்து அவள் அம்மா கோவிந்தம்மாள் ஓடிவந்தாள். ஈரத் தரையையும் இரண்டு பெண்களையும் பார்த்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அடப் பாவிப் பொண்ணே! எம் புள்ளைக்கு அம்மை எறங்கி, இன்னிக்குத் தலைக்கு ஊத்த வெச்ச தண்ணிடி அது. ஒன்பது நாளா இருட்டறையில கெடக்கறான். இன்னிக்கு விட்டா இனிமே செவ்வாக்கெழமதான் ஊத்தணும்.”

“வேற தண்ணி...” என்று ரோசம்மாள் இழுத்தாள்.

“எங்கடி போவேன்? கெணத்துல வூட்டுக்கு ஒரு குடம்னு காலையிலயே மொற முடிஞ்சுபோச்சு. நாளைக்குத்தான் இனிமே ஊறும்.”

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. “கருப்பியக்கா, தண்ணி சுட்டுடுச்சா? நான் வெளிய வரட்டுமா?”

கருப்பி ஈரத் தலையோடு விசும்பினாள்.

ரோசம்மாள் தன் வீட்டுக்கு ஓடி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் குடத்தைத் தொடாமல் இருந்திருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது!

நடந்ததைக் கேட்ட அம்மா திகைத்துப்போனாள். “வேப்பிலை சொருகியிருந்தா அம்மை கண்ட வீடுன்னு தெரியாதாடி உனக்கு?”

“ரங்கூன்ல நம்ம தெருவுல யாருக்கும் வந்து நான் பாத்ததில்லையேம்மா.”

அதுவும் நிஜம்தான். அம்மா பெருமூச்சு விட்டாள்.

எதிர்வீட்டுப் பையன் அழுவது இங்கேவரை கேட்டது. ரோசம்மாள் காதைப் பொத்திப் பார்த்தாள். அப்போதும் கேட்டது. எழுந்தாள். மூலையில் அவர்களுடைய குடம் இருந்தது. புதிதாக வந்தவர்கள் ஆயிற்றே என்று காலையில் யாரோ இரக்கப்பட்டு இறைத்துக் கொடுத்த தண்ணீர்.

“அம்மா, இதைக் குடுத்துடட்டுமா?”

“சோறாக்கறதுக்கு? அப்பா வெயில்ல அலைஞ்சுட்டு வருவாரே, குடிக்கறதுக்கு?”

ரோசம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை மட்டும் மொண்டு தனியாக வைத்தாள்.

“மீதிய எடுத்துட்டுப் போ. இன்னிக்குப் பொரியும் கடலையும் தின்னுக்கலாம்.”

ஆனால் குடத்தோடு வந்தவளைப் பார்த்துக் கோவிந்தம்மாள் தயங்கினாள். “ஒங்க தண்ணிய எடுத்துட்டு வந்திருக்கியே! அதுவுமில்லாம உச்சி தாண்டிப்போச்சு. வெயில்ல வெச்சுச் சூடான தண்ணிதான் ஊத்தணும், அடுப்புல வெக்கக் கூடாது. குடத்துத் தண்ணி பொழுது சாயறதுக்குள்ள எங்க சுடப்போவுது?”

ரோசம்மாள் யோசித்தாள். திரும்ப ஓடினாள். கப்பலில் அம்மா மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்த எனாமல் தாம்பாளத்தோடு வந்தாள். மாட்டுவண்டிச் சக்கரம்போல் அத்தனை அகலம்.

“இதுல ஊத்துங்க. அகலமா இருந்தா சீக்கிரம் சுடும். ரங்கூன்ல அம்மா இப்படித்தான் வெப்பாங்க.”

“யாரு தாம்பாளமா இருந்தா என்ன, மாரியாத்தா வேணாம்னா சொல்லப்போறா?” என்றாள் கோவிந்தம்மாள்.

கருப்பி போய்ப் புதிதாக வேப்பிலை ஒடித்து வந்து போட்டாள். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாகத் தாம்பாளத்துக்குக் காவல் உட்கார்ந்தார்கள். கோழி வந்தால் இவள் விரட்டினாள். காக்கை வந்தால் அவள் விரட்டினாள். பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

நெடுநேரம் கழித்துக் கருப்பியே கேட்டாள். “எதுக்கு எம்மேல ஊத்துன?”

ரோசம்மாள் திருவிழாவைப் பற்றிச் சொன்னாள். “பழைய வருசத்துப் பாவமெல்லாம் கழுவிட்டுப் போயிடும்னு ஊத்துவாங்க.”

“நான் என்னடி பாவம் செஞ்சேன்?”

“நீ செய்யல. நான்தான் செஞ்சுட்டேன்.” ரோசம்மாளின் குரல் கம்மியது. “இந்த வருசம் மா மியா மேல ஊத்த முடியல. உன்னைப் பாத்ததும் அவ ஞாபகம் வந்துடுச்சு. தெரியாம செஞ்சுட்டேன் கருப்பி.”

“தெரியாமதான் செஞ்ச. ஆனா எங்கம்மா விடியக்காலம் ரெண்டு மணி நேரம் நின்னு கொண்டாந்த தண்ணி அது.”

“ம்” என்றாள் ரோசம்மாள். 

பொழுது சாய்வதற்கு முன் கோவிந்தம்மாள் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். “சுட்டுடுச்சு!” என்றாள். செல்லனுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவி, தலைக்கு ஊற்றினார்கள். ஒல்லிப்பிச்சானாக, தழும்பும் சிரிப்புமாக வாசலுக்கு வந்தான். ஒன்பது நாளுக்குப் பிறகு பார்க்கிற வெளிச்சம். கண்ணைக் கசக்கிக்கொண்டு ரோசம்மாளைப் பார்த்தான்.

“நீதான் என் தண்ணியக் கொட்டுனவளா?”

ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாம்.”

“உன்னால ஒரு பகல் போச்சு” என்றான் அவன், பெரிய மனுஷன்போல. பிறகு தெருக்கோடிக்கு ஓடினான்.

அந்த ஒரு பகலை எங்கே போய் வாங்கித் தருவது? ரோசம்மாள் தாம்பாளத்தையும் குடத்தையும் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சிறிது நேரத்தில் கருப்பி இடுப்பில் தன் குடத்தோடு வந்து நின்றாள்.

“உங்க குடத்தக் குடு.”

“எதுக்கு? அதுல தண்ணி இல்லையே.”

“வெறுங்குடம்தான் வேணும். இப்பவே கொண்டுபோய்க் கெணத்தடியில வரிசைக்கு வெக்கணும். இல்லன்னா நாளைக்கும் ஒங்களுக்குத் தண்ணி கெடைக்காது. நீயும் வா.”

இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள். நீளமாக ஊர்க் குடங்கள் வரிசையில் நின்றன. கருப்பி தன் குடத்தை ஒட்டி ரோசம்மாளின் குடத்தை வைத்தாள்.

பின்னால் குடத்தோடு வந்த பெண்மணி, “இது யாரோடதுடி? புதுசா இருக்குதே!” என்று அதட்டினாள்.

“எங்க தெருப் பொண்ணோடது” என்றாள் கருப்பி.