சிவப்பைத் தொட்ட முள்

காலை ஆறரை மணி. வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலை ஃபேக்டரிக்குக் கீழுள்ள வளைவில் சுடலை இறந்து கிடந்தார். கொழுந்து பறிக்கப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். எஸ்டேட்டின் காவல்காரர். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. அடிபட்ட இடத்திலிருந்து சாலையோரம் வரை தவழ்ந்திருக்கிறார். ஈரமண்ணில் அந்தத் தடம் தெளிவாக இருந்தது.

சுற்றிலும் ஹெட்லைட் கண்ணாடிச் சில்லுகள்.

சப் இன்ஸ்பெக்டர் கற்பகம் சாலையின் இருபுறமும் நடந்து பார்த்தார். பிரேக் பிடித்த தடம் எங்குமே இல்லை.

"விபத்து மாதிரி தெரியல ஜினோ," என்றார் கான்ஸ்டபிளிடம். "வந்தவன் வேகத்தைக் குறைக்கவே இல்ல."

வண்டியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டை ஒட்டிய ஷெட்டில் லோகேஷின் பழைய அம்பாசிடர் நின்றது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் டாக்சி. இடதுபக்க விளக்கு உடைந்திருந்தது. பம்பரில் ரத்தம் உறைந்திருந்தது.

லோகேஷை ஜீப்பில் ஏற்றும்போது லயமே திரண்டு நின்றது. சுடலையின் மனைவி சின்னத்தாய் மண்ணை வாரி அவன் வாசலில் இறைத்தாள்.

"பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டே இப்பிடிப் பண்ணிட்டியேடா பாவி!"

ஸ்டேஷனில் விசாரணை தொடங்கியது.

"வண்டி நேத்து யார்கிட்ட இருந்துச்சு?"

"சூப்பர்வைசர் ஈஸ்வரன் சார்கிட்ட மேடம். குமுளி வரைக்கும் போகணும்னு மத்தியானம் கேட்டாரு. குடுத்தேன்."

"எப்பத் திருப்பித் தந்தாரு?"

"நான் பாக்கல. சாவிய ஷெட்டு ஆணியில மாட்டிருங்கன்னு சொல்லிட்டு, காய்ச்சல் மாத்திரையப் போட்டுப் படுத்துட்டேன்."

"ராத்திரி எந்திரிச்சு வண்டிய எடுத்தியா?"

"பொழுதடைஞ்சா நான் வண்டியே தொடமாட்டேன் மேடம். எதுத்தாப்புல வெளிச்சம் அடிச்சா எனக்குக் கண்ணு தெரியாது."

அவன் மனைவி ஆனந்தியும் அதையே சொன்னாள். விடியும்வரை பக்கத்திலேயே படுத்திருந்தார் என்றாள். மனைவி வேறென்ன சொல்வாள் என்ற பார்வையோடு ஜினோ அதை எழுதிக்கொண்டார்.

ஈஸ்வரன் கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிட்டார். தேய்த்த சட்டை, நிதானமான குரல்.

"சாயங்காலம் நாலு மணிக்கே வண்டிய விட்டுட்டேன் மேடம். குமுளிக்குப் போகவே இல்ல. பாதி வழியில திரும்பிட்டேன்."

"ஏன்?"

"சூடு காட்டுற முள்ளு மேல ஏறிச் சிவப்பத் தொட்டுருச்சு. இன்ஜின் கொதிச்சு நடுக்காட்டுல நின்னுட்டா? பெட்ரோல் முள்ளு ஃபுல்லுல நின்னுச்சு. அதப் பத்திக் கவலை இல்ல. சூட்டுக்குத்தான் பயந்தேன்."

ஜினோ வெளியே போய், ஸ்டேஷனுக்குக் கட்டி இழுத்து வந்திருந்த அம்பாசிடரின் சாவியைத் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் முள் கால் பங்கில் நின்றது. சந்தேகத்துக்கு டாங்கில் ஒரு குச்சியை விட்டும் பார்த்தார். கால் பங்குதான்.

"மேடம், சார் விடும்போது ஃபுல். இப்பக் கால். ராத்திரி நல்லா ஓடியிருக்கு. லோகேஷ் பொய் சொல்றான்."

"கால் டாங்க் போட்டுத்தான் குடுத்தேன்!" என்று லோகேஷ் கத்தினான்.

யாரும் காதில் வாங்கவில்லை. கற்பகம் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் பொறுப்புக்கு வருமுன் போலீஸ் வாகனப் பிரிவில் மூன்று வருடம் இருந்தவர். தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. கொதித்து வழிந்த கறை எங்கும் இல்லை. கொதிக்கும் இன்ஜினை யாராவது ஓட்டியிருந்தால் தண்ணீர் இப்படியா இருக்கும்?

தடயவியல்காரர்கள் ரத்தத்தையும் சில்லுகளையும் எடுத்துக்கொண்டு போனபிறகு, கற்பகமே வண்டியை ஓட்டினார். ஜினோ பக்கத்தில் அமர்ந்தார். ஏற்றம், வளைவு, மறுபடி ஏற்றம். சூட்டு முள் நடுவிலேயே நின்றது.

ஃபேக்டரியை நெருங்கியதும் மூடல்பனி இறங்கியது. பத்தடிக்கு மேல் சாலை தெரியவில்லை. தேயிலைச் செடிகள் கறுப்பாகக் குந்தியிருந்தன. சுடலை கிடந்த வளைவு அருகில்தான் எங்கோ இருந்தது. கற்பகம் மிச்சமிருந்த ஒற்றை விளக்கைப் போட்டார்.

"மேடம், கொதிக்குது!" ஜினோ பதறினார்.

சூட்டு முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பெட்ரோல் முள் ஃபுல்லில் நின்றது.

வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தார்கள். ஆவி இல்லை, கொதிக்கும் சத்தமும் இல்லை. கற்பகம் விளக்கை அணைத்தார். இரண்டு முட்களும் மெல்ல இறங்கின. போட்டார். இரண்டும் ஏறின.

"டாங்க் மிதவை கெட்டா பெட்ரோல் முள்ளு மட்டும்தான் தப்பாக் காட்டும். இன்ஜின் சென்சார் கெட்டா சூட்டு முள்ளு மட்டும். ரெண்டும் சேந்து ஏறுதுன்னா, கோளாறு ரெண்டுக்கும் பொதுவான இடத்துல இருக்கு."

டார்ச்சோடு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தார். முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, மீட்டருக்கான எர்த் வயரின் முனை பச்சையாகப் பூத்துப்போயிருந்தது. அதனால்தான் விளக்கு எரியும்போதெல்லாம் முட்கள் தப்பாக ஏறின. வேறொரு வயரை மீட்டருக்கும் பாடிக்கும் நடுவே பிடித்தார். விளக்கு எரிந்தபோதே முட்கள் இறங்கி உண்மையைக் காட்டின.

வயரை எடுத்துவிட்டார். சாட்சி சாட்சியாகவே இருக்கட்டும்.

மாலையில் ஈஸ்வரன் மறுபடி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி லோகேஷ் வண்டிய ஓட்டியிருக்கீங்களா?"

"இல்ல மேடம். நேத்துதான் மொதத் தடவ."

"நாலு மணிக்கு விட்டதுக்கப்புறம்?"

"அந்தப் பக்கமே போகல."

"நீங்க போனப்ப மூடல் இருந்துச்சா?"

"எங்க? வெயில் கண்ணக் கூசுச்சு."

"அப்ப விளக்குப் போடல."

ஈஸ்வரன் சிரித்தார். "பட்டப்பகல்ல எதுக்கு மேடம் விளக்கு?"

"வாங்க."

அம்பாசிடர் முற்றத்தில் நின்றது. கற்பகம் இன்ஜினை ஓடவிட்டார். பெட்ரோல் கால் பங்கு. பிறகு விளக்கு ஸ்விட்சைத் தட்டினார். இரண்டு முட்களும் ஏறத் தொடங்கியபோது ஈஸ்வரனின் முகத்தைத்தான் பார்த்தார்.

"விளக்கு எரிஞ்சா மட்டும்தான் இந்த முள்ளு சிவப்பத் தொடும், ஈஸ்வரன். பகல்ல நீங்க இதப் பாத்திருக்கவே முடியாது. இருட்டுல இந்த ஸீட்டுல உக்காந்தவன்தான் பாத்திருப்பான். சுடலைய இடிச்சுக் கொன்னது நீங்க."

ஈஸ்வரன் காரைப் பிடித்துக்கொண்டார்.

"மேல காட்டுல நான் திருட்டுத்தனமா வெட்டுன ஈட்டி மரத்தப் பாத்துட்டான்," என்றார் கடைசியில். "விடிஞ்சதும் ரேஞ்சர் ஆபீசுக்குப் போயிச் சொல்லப் போறேன்னான். அவன் ரோந்து வர நேரம் எனக்குத் தெரியும்."

"பகல்ல வாங்குன வண்டியத் திருப்பித் தரவே இல்ல."

"இல்ல. காட்டோரம் நிறுத்தி வச்சிருந்தேன். முடிச்சிட்டுத்தான் ஷெட்டுல விட்டேன்."

"இடிச்சதும் நிறுத்துனீங்களா?"

"கொஞ்சம் தள்ளிப் போயி மெல்ல நிறுத்துனேன். செத்துட்டானான்னு பாக்க. ஈஸ்வரான்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டான். கண்ண எடுத்து உள்ள பாத்தேன். முள்ளு செவப்புல நின்னுச்சு. வண்டி அங்கயே நின்னுபோச்சுன்னா மாட்டிக்குவேனேன்னு கிளம்பிட்டேன்."

கற்பகம் விளக்கை அணைத்தார். ஈஸ்வரனை உள்ளே கொண்டுபோகும்போது ஜினோ தாழ்ந்த குரலில் கேட்டார்: "வண்டியத் திருப்பி விட்டுட்டேன்னு மட்டும் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாரே மேடம். முள்ளு கதைய எதுக்குச் சொன்னாரு?"

"பாதியில திரும்புனதுக்கு ஒரு காரணம் வேணும். அவர் மனசுல வேற எதுவும் ஓடல, அந்த முள்ளத் தவிர."

மறுநாள் பிரேதப் பரிசோதனை முடிந்து சுடலையின் உடல் லயத்துக்கு வந்தது. ஈஸ்வரனின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஈட்டி மரத் தடிகள் கிடைத்த செய்தியும் அதற்குள் வந்துவிட்டது. விடுதலையாகி வந்த லோகேஷ் கூட்டத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றான். கொன்றது அவனல்ல என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

பாடையைத் தூக்கும் நேரம் வந்தது. சின்னத்தாய் அழுகையை நிறுத்திவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனாள்.

"தலைமாட்டுப் பக்கம் ஆளு இல்லப்பா," என்றாள். "நீ வந்து தூக்கு."