காருக்கு அடியில் ஒரு கிணறு

சாயங்காலம் பெருமாளுக்கு ஏற்றி வைத்த ஊதுவத்தியின் புகை மேலே போகாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது, மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். அப்படியும் புகை நூல் பிடித்தாற்போலத் தரைக்கு வந்து, இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து மறைந்தது. சற்றுப் பொறுத்து அதே இடுக்கிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

ஸ்ரீரங்கன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அரசாங்க ஆபீஸில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் நம்புகிற பழக்கம் இல்லை. இரண்டாம் முறையும் புகை கீழேதான் போனது.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி சுந்தரவல்லி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதமாக அவளால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் ஓயாத இருமல். தாம்பரத்து டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நுரையீரலில் ஒன்றுமே இல்லை, வயசுதான் என்று அனுப்பிவிட்டார்.

"ஏன்னா, ஏரி வாசனை வரதே, உங்களுக்கு வரலையா?"

வந்தது. சேறும் அல்லித்தண்டும் கலந்த பச்சை வாடை. ஊரப்பாக்கத்தின் இந்தத் தெருவில் அந்த வாடை ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஏரிக்கரைத் தெரு என்ற பேர் மட்டும் மிச்சம். அவர்கள் மனை வாங்கிய புதிதில் கொல்லைப்புறம் நிஜமாகவே ஏரி கிடந்தது. மழை பெய்தால் தவளைச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. வீட்டுக்கு வீடு கிணறு, ஐப்பசியில் குனிந்தே மொண்டுவிடலாம். அப்புறம் ஏரிக்குள் வரிசையாக மனைக்கல் நட்டார்கள். தார் போடும்போதெல்லாம் சாலை ஒரு படி ஏற, வீடுகள் ஒரு படி அமிழ்ந்தன. ஒவ்வொருவராக வீட்டை பில்டரிடம் கொடுக்க, இடித்த செங்கல்லையே கிணற்றில் கொட்டி மூடி, மேலே நாலு மாடி எழுப்பினார்கள். இப்போது குளிக்கக்கூட லாரித் தண்ணீர்தான். முன்னேற்றம் என்றால் சும்மாவா!

கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாய் விடவேண்டும் என்பார்கள். தெருவில் யாரும் அதை லட்சியம் பண்ணவில்லை. இவர்களும் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தரைத்தளத்துக்கு வந்தபோது, சுந்தரவல்லி மட்டும் பில்டரோடு மல்லுக்கட்டித் தங்கள் கிணற்றுக்கு ஒரு குழாயை நடவைத்தாள். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் இடுப்பளவு நின்ற அந்தக் குழாய், மூன்றாம் மாடி பிரேமின் புதுக் காரைக் கீறிவிட்டது. அசோசியேஷன் கூடி, குழாயைத் தரைமட்டத்துக்கு அறுத்து, மூடி போட்டு, மேலே சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள். செயலாளர் என்ற முறையில் ஸ்ரீரங்கனும் தலையாட்டினார். பிரேமோடு எதற்கு வம்பு என்று நினைத்தார்.

அது நடந்தும் இரண்டு மாதம்தான் ஆகிறது.

அவர் படுக்கையறை வாசல்படியில் நின்று மனைவியையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் மூச்சை இழுத்தால் புகை இறங்கியது. விட்டால் ஏறியது. இன்னும் கவனித்தார். புகைதான் முதலில் இறங்கியது. அவள் அதற்கப்புறம்தான் இழுத்தாள்.

"அந்தக் குழாயத் திறந்துட்டு வந்துடறேன்," என்றார்.

"அப்பவே சொன்னேன்," என்றாள், மூச்சு வாங்க. "கேட்டேளா?"

இவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு பொழுதுகூட இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

வாட்ச்மேன் குணா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தான். "இன்னா சார், மழைல எங்க கெளம்பிட்டீங்கோ?"

"இந்தக் காரத் தள்ளணும், குணா."

"நியூட்ரல்லதான் கீது. பிரேம் சார் பாத்தா பேஜாராய்டும் சார்."

"நான் பாத்துக்கறேன். தள்ளு."

கார் நகர்ந்தது. குணாவின் செல்போன் வெளிச்சத்தில் சிமெண்ட் கற்கள் ஈரமாக மின்னின. ஒரு கல் மட்டும் லேசாக எழும்பியது. அமிழ்ந்தது. எழும்பியது.

"சார், வாணாம் சார். வுட்டுடுங்க."

ஸ்ரீரங்கன் மண்டியிட்டு அந்தக் கல்லை நெம்பி எடுத்தார். அடியில் குழாய் மூடி. காதை வைத்தார். கேட்டது ஒரு மூச்சு இல்லை. பல. எதிர்வீட்டுக் கிணறு. கோடிவீட்டுக் கிணறு. தெருவில் மூடிய அத்தனையும் இந்த ஒரு துவாரத்தை நம்பியே இருந்திருக்கின்றன.

மூடியை நெம்பினார். அடைபட்ட காற்று வெளியே பீறிடும் என்று நினைத்தார். தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கப்பட்டவன் தலை வெளியே வந்ததும் முதலில் என்ன செய்வான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மூடி கழன்றது.

குழாய் இழுத்தது.

அவர் வேட்டி நுனி குழாயை நோக்கிப் பறந்தது. மழைச்சாரல் அந்தப் பக்கம் சாய்ந்தது. சாத்தியிருந்த படுக்கையறை ஜன்னல் படாரென்று திறந்தது. திரைச்சீலை வெளியே நீண்டது. நீண்டபடியே நின்றது. இழுப்பு நிற்கவில்லை.

பிறகு நின்றது.

வீட்டுக்குள் இருமல் இல்லை. குணா வெளிச்சத்தை ஜன்னலுக்குத் திருப்பினான். சுந்தரவல்லி சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

"அம்மா..." என்றான் குணா. போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

ஸ்ரீரங்கனின் முழங்காலுக்குப் பக்கத்தில், குழாய்க்குள், யாரோ இருமினார்கள். அவருக்குத் தெரிந்த இருமல்.

"ஏன்னா." ரொம்ப ஆழத்திலிருந்து வந்தது. "மூடிடாதேங்கோ. இங்க எல்லாருக்கும் மூச்சு முட்டறது."

மூடி அவர் கையில் இருந்தது. குழாய் மறுபடி இழுக்கத் தொடங்கியது. தலைக்கு மேலே முதல் மாடி ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது.

அவர் மூடியை மழைக்குள் தூர எறிந்தார். முதல் மாடித் திரைச்சீலை வெளியே நீண்டது. உள்ளே அழுதுகொண்டிருந்த குழந்தை பாதியில் நிறுத்தியது.