ஏழு நொடிப் பொறுமை

செவ்வாய்க் கிரகத்தில் விடிந்தால் முதல் வேலை அழைப்புப் போடுவதுதான். பல் தேய்க்கிறோமோ இல்லையோ, அழைப்பு மண்டபத்துக்குப் போய் எண்ணைத் தட்டுவோம். மஞ்சள் விளக்கு எரிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். யூரோப்பாவுக்கு அழைப்பு போய்ப் பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆரம்ப காலத்தில் அந்த விளக்கையே வெறித்துக்கொண்டிருந்த சிலருக்குப் புத்தி பேதலித்துப் போனதாம். அன்றிலிருந்து விளக்கைப் பார்ப்பது இங்கே அபசகுனம். போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தால் பச்சை விளக்கு எரியும், பதில் காத்திருக்கும்.

எனக்கு ஒன்பது நாளாகப் பச்சை எரியவில்லை.

யூரோப்பா என்பது வியாழனின் நிலவு. என் கணவர் அமலதாஸ் அங்கே நாற்பது பேரோடு பனி துளைக்கிறார். அங்கிருந்து கூப்பிட மின்சாரம் போதாது. நாம் கூப்பிட்டால் பதில் மட்டும் சொல்வார்கள். பத்தாம் நாளும் பதில் வராவிட்டால் அந்தக் குடியிருப்பை 'மௌனம்' என்று அறிவித்துவிடுவார்கள். அதற்குப் போய்க்கொண்டிருக்கும் உணவுக் கப்பல் வேறு ஊருக்குத் திரும்பிவிடும். இறந்தவர்களுக்கு அரிசி அனுப்பி, இருப்பவர்களைப் பட்டினி போட முடியாதே என்று நானே அந்த விதிக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன். எல்லாம் தனக்கென்று வரும்வரைதான்.

பத்தாம் நாள் காலையும் அழைப்புப் போட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மேலாளர் பானுரேகா ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"டெல்பின், இன்னும் அரை மணி நேரத்துல கப்பலைத் திருப்பணும்மா. விட்டா எரிபொருள் பத்தாது. என் கையில எதுவும் இல்ல."

"அந்தாளு செத்திருக்க மாட்டாரு மேடம். சண்டையைப் பாதியில விட்டுட்டுப் போற ஆளே இல்ல!"

உண்மைதான். கடைசிப் பேச்சு சண்டையில்தான் முடிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டியிருந்தார். 'அங்கேயே கிடங்க' என்று கத்தியிருந்தேன்.

ஆத்திரத்தோடு மண்டபத்துக்கு வந்தேன். யூரோப்பா அழைப்புகளுக்கான பழைய சர்வர் கருகிப்போய், பத்து நாளுக்கு முன்புதான் புது இயந்திரம் வைத்திருந்தோம். பழைய நிரலைப் புதுத் தளத்துக்குப் பெயர்த்தவன் என்னோடு வேலை பார்க்கும் சவரிமுத்து. அபசகுனமாவது மண்ணாவது என்று இன்னொரு அழைப்பைப் போட்டு, விளக்குக்கு நேரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அக்கா, பாக்காதீங்க!" சவரிமுத்து பதறினான்.

"போடா, இதுக்கு மேல என்ன கெடுதல் வந்துரும்?"

விளக்கு எரிந்தது. வாய்க்குள் ஏழு எண்ணியிருப்பேன். அணைந்தது. 'காத்திருப்பு எல்லை முடிந்தது. பதில் இல்லை' என்று திரையில் எழுத்து வந்தது.

"என்னடா இது? ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியது ஏழே நொடியில கதவைச் சாத்திருச்சு?"

"டைம்அவுட் ஏழாயிரம்னு சரியாத்தானே இருக்கு... ஃபோபோஸுக்குப் போட்டுச் சோதிச்சேனே, நல்லா வந்துச்சே!"

நம் தலைக்கு மேலேயே சுற்றும் நிலவிலிருந்து ஒரு நொடிக்குள் பதில் வரத்தான் செய்யும். நிரலைத் திறந்தேன். பழைய தளம் ஏழாயிரம் என்றால் நொடி என்று எடுத்துக்கொள்ளும். புதுத் தளம் அதே ஏழாயிரத்தை மில்லிநொடி, அதாவது வெறும் ஏழு நொடி, என்று எடுத்துக்கொண்டது. எங்கள் ஊரில் யாருமே விளக்கைப் பார்ப்பதில்லை என்பதால், அது அணைந்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை.

சவரிமுத்துவின் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, இப்பத் திருத்திக் கூப்பிட்டாலும் ஒன்றரை மணி நேரம் ஆகுமே. கப்பல் திரும்பிருமே!"

எனக்கும் கண்ணீர் முட்டியது. அப்போதுதான் உறைத்தது. கைவிட்டது நம் இயந்திரம்தான். காலையில் போன அழைப்பு அதன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் இருந்தால் பதிலும் சொல்லியிருப்பார்.

"காலை அழைப்புக்குன்னு விழுந்த தனி எண்ணை எடு. அதே எண்ணுல கதவைத் திறந்து வை. பதில் வழியில வந்துக்கிட்டிருக்குடா!"

அவன் தட்டினான். பானுரேகா வந்து கப்பலுக்கான கட்டளைக் கருவியைக் கையில் பிடித்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் விளக்கையே பார்த்தோம். எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டேன். தெரியாத சாமிகளையும் கூப்பிட்டேன்.

"நேரமாச்சு டெல்பின்..." என்று பானுரேகா மெல்லச் சொன்னபோது பச்சை எரிந்தது.

கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் வந்தது.

"டெல்பினு, வச்சிராத, வச்சிராத! தினமும் கூப்பிடுற, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள லைனைக் கட் பண்ணிர்ற. என் மேல கோவம் நியாயந்தான். பத்து நாளா நானும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒண்ணு கூடவா கேக்கல? ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். அடுத்த கப்பல்லயே ஏறி வந்துர்றேன், போதுமா?"

பானுரேகா கருவியை அணைத்து மடியில் வைத்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.